பவர் ஸ்டீயரிங் ஹோஸ் வெடித்த லாரி: டிரைவர் சொல்லும் அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிப்பது எப்படி

"அண்ணே, ஸ்டீயரிங் கல்லாயிடுச்சு. கீழ சிவப்பா ஊத்திக் கெடக்கு."

நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்த போன் புதிதல்ல. பாதிக்குப் பாதி ராத்திரியில்தான் வரும். போனை எடுத்தவுடன் பலரும் சொல்வது ஒன்றுதான்: "ஹோஸ் போயிருக்கும், மாத்திடலாம்." மாற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் அது ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் அதே வண்டி, அதே ஹோஸ், பத்து நாளில் திரும்ப வரும். அதனால் இங்கே கழற்றி மாட்டுவதைவிடக் காரணம் தேடுவதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் அமைப்பை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். பவர் ஸ்டீயரிங் என்பது, டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஆயிலின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப உதவும் ஏற்பாடு. ஆயில் டேங்கிலிருந்து பம்புக்கு வருவது சக்ஷன் ஹோஸ். பம்பிலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போவது பிரஷர் ஹோஸ். பாக்ஸிலிருந்து டேங்குக்குத் திரும்புவது ரிட்டர்ன் ஹோஸ். மூன்றிலும் ஓடுவது ஒரே ஆயில்தான், அழுத்தம்தான் வேறு. கனரக லாரிகளில் பிரஷர் ஹோஸுக்குள் உச்சத்தில் 100 முதல் 150 பார் வரை ஏறும். 150 பார் என்றால் ஏறத்தாழ 2,170 பிஎஸ்ஐ. டயருக்கு நாம் அடிக்கும் காற்று 110 பிஎஸ்ஐ அளவுதான் என்பதை நினைத்துக்கொண்டால், விரல் தடிமன் உள்ள அந்த ஹோஸ் என்ன பாடுபடுகிறது என்பது புரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பம்ப் இருப்பது எஞ்சினில். ஸ்டீயரிங் பாக்ஸ் இருப்பது சேஸில். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், சேஸ் ஆடாது. ஆடுவதையும் ஆடாததையும் இணைத்துப் பிடித்திருப்பது இந்த ஹோஸ்தான்.

"ஓடிட்டு இருக்கும்போதே கல்லாயிடுச்சு, கீழ ஆயில் ஊத்துது"

இது வெடிப்பு. சந்தேகமே வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் முழுசாக அறுந்து போகவில்லை. பாக்ஸுக்குள் இருக்கும் பற்சக்கர இணைப்பு அப்படியேதான் இருக்கும், சக்கரம் திரும்பும். ஆயில் அழுத்தத்தின் உதவி போய்விட்டதால் மொத்த பாரத்தையும் கையால் ஒடிக்க (திருப்ப) வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சமதளத்தில் இதைச் சமாளிக்கலாம். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் லோடோடு வரும்போது நடந்தால் கதை வேறு. அங்கே "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று உருட்டிப் பார்ப்பதைவிட வேறு முட்டாள்தனம் இல்லை.

எஞ்சினை நிறுத்தச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, சூடான மேனிஃபோல்டு மீதோ டர்போ மீதோ ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். இரண்டாவது பம்ப். கார்களில் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் பம்ப் சுற்றாது. பெரிய டீசல் எஞ்சின்களில் பல பம்புகள் கியர் வழியாக ஓடுபவை, ஏர் கம்ப்ரஸரின் பின்பக்கம் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், வேறு வழியே இல்லை. ஆயில் இல்லாமல் சுற்றினால் உள்ளே இருக்கும் தகடுகள் உராய்ந்து, பம்ப் பிடித்துக்கொள்ளும். ஹோஸ் செலவோடு முடிய வேண்டியது பம்ப் செலவாக மாறுவது இப்படித்தான்.

வழியில் நின்ற வண்டிக்கு நடைமுறையில் நடப்பது என்னவென்றால், கிளீனர் பழைய ஹோஸைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். பக்கத்து ஊரில் ஹோஸ் பிரஸ் செய்யும் (ஹோஸை வெட்டி, முனையில் இரும்பு இணைப்பை வைத்து அழுத்திக் கொடுக்கும்) கடையில் அதே அளவுக்கு ஒன்று போட்டு வாங்கி வருவார். நல்ல வழிதான். ஆனால் அனுப்பும்போது பழைய ஹோஸைத் தூக்கிப் போடாமல் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, மேலே கிளிப் போட்டு இறுக்கி ஓட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிரஷர் ஹோஸில் அது ஐந்து நிமிடம் தாங்காது. ரிட்டர்ன் ஹோஸ் கிழிந்திருந்தால் மட்டும் கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு, உள்ளே பொருந்தும் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ஊர் வந்து சேரலாம். அங்கே அழுத்தம் சில பார்தான்.

செத்த ஹோஸைப் படியுங்கள்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வெடித்த ஹோஸைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். எங்கே வெடித்திருக்கிறது, எப்படி வெடித்திருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

நடுவில் ஒரு பக்கம் மட்டும் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி வலை துருவேறித் தெரிகிறதா? ஹோஸ் எதன் மீதோ உரசியிருக்கிறது. வண்டிக்கடியில் போய் அதே உயரத்தில் பளபளப்பாகத் தேய்ந்த ஒரு விளிம்பைத் தேடுங்கள், நிச்சயம் இருக்கும். சேஸ் ஓரம், பிராக்கெட் முனை, சில சமயம் பாடி கட்டியவர்கள் பிறகு சேர்த்த ஆங்கிள். பெரும்பாலும் ஹோஸைப் பிடித்திருந்த கிளாம்ப் காணாமல் போயிருக்கும். போன தடவை மாற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்.

மேல் ரப்பர் இறுகி, வளைத்தால் அப்பளம் போல நொறுங்குகிறதா? சூடு. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒட்டிப் போனால் அந்த அளவு எளிதாகத் தாண்டும். தடுப்புத் தகடு கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மேல் ரப்பர் அங்கங்கே கொப்புளமாக வீங்கியிருந்தால், உள் குழாய் ஓட்டையாகி ஆயில் கம்பி வலைக்குள் ஊறியிருக்கிறது. உள் குழாய் மெத்தென்று ஊதிப்போயிருந்தால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றிய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஹோஸ் மட்டுமல்ல, பாக்ஸில் இருந்த அத்தனை சீலும் போயிருந்தது.

ஹோஸ் வெடிக்கவே இல்லை, முனையில் இருக்கும் இரும்புத் தொப்பியிலிருந்து சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருக்கிறதா? பிரஸ் செய்தவர் தப்பு. இறுக்கம் போதவில்லை, அல்லது ஹோஸை முழுசாக உள்ளே தள்ளாமல் அழுத்தியிருக்கிறார். வண்டியில் காரணம் தேட வேண்டாம், கடையை மாற்றுங்கள்.

கடைசி வகைதான் ஆளை ஏமாற்றும். தொப்பியை ஒட்டி, ஒரு அங்குலத்துக்குள் வெடித்திருக்கும். பார்க்க "ஹோஸ் தரமில்லை" என்று தோன்றும். உண்மையில் அந்த இடத்தில் ஹோஸ் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது, முறுக்கியிருக்கிறது, அல்லது இழுபட்டிருக்கிறது.

ஒரு பத்துச் சக்கர வண்டி ஒரே மாதத்தில் மூன்று ஹோஸ் சாப்பிட்டது. மூன்றும் பம்ப் பக்கத் தொப்பியை ஒட்டித்தான் வெடித்திருந்தன. முதல் இரண்டை வேறு எங்கோ மாற்றியிருந்தார்கள், மூன்றாவது என்னிடம் வந்தது. நானும் ஹோஸைத்தான் திட்டினேன். பிறகு டிரைவர் எஞ்சினை நிறுத்தியபோது தற்செயலாக அதைக் கவனித்தேன். நிற்கிற கணத்தில் எஞ்சின் ஒரு பக்கமாகக் குதித்து அடங்கியது. முன் மவுண்டிங் ரப்பர் பிரிந்து, இரும்பு இரும்போடு நின்றிருந்தது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் எஞ்சின் ஹோஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மவுண்டிங்கை மாற்றி, ஹோஸைக் கொஞ்சம் நீளமாகப் போட்ட பிறகு அந்த வண்டி ஹோஸுக்காக என்னிடம் வரவே இல்லை.

புது ஹோஸ் வாங்கும்போது

கம்பெனி ஹோஸ் கிடைத்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள். பிரஸ் செய்து வாங்குவதானால், ஹோஸ் மேல் அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். ஒரு கம்பி வலை உள்ள ஆர்1 வகை அரை அங்குல ஹோஸுக்கு வேலை அழுத்தம் 160 பார். இரண்டு கம்பி வலை உள்ள ஆர்2 என்றால் 275 பார். 150 பார் பம்புக்கு ஆர்1 போட்டால் கணக்குப்படி தாங்கும், ரோட்டில் தாங்காது. ஆர்2 கேளுங்கள். விலை வித்தியாசம் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக்கூட வராது. அதே வரியில் தயாரித்த வருடமும் இருக்கும். கடையில் பல வருடம் தொங்கிய சரக்கை வாங்காதீர்கள்.

நீளத்தைச் சரியாக இழுத்துப் பிடித்து அளந்து வெட்டக்கூடாது. அழுத்தம் ஏறும்போது இந்த வகை ஹோஸ் 4 சதவீதம் வரை குறுகலாம். ஒரு மீட்டர் ஹோஸில் அது நான்கு சென்டிமீட்டர். அதோடு எஞ்சின் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவும் அப்படித்தான்: அரை அங்குல ஆர்2 ஹோஸை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்குள் மடக்கக்கூடாது. இடம் போதவில்லையென்றால் ஹோஸை மடக்குவதற்குப் பதில் முனையில் 45 அல்லது 90 டிகிரி வளைவுள்ள ஃபிட்டிங் போட்டுக் கேளுங்கள்.

பிரஸ் செய்யும் முன் ஹோஸை வெட்டிய இடத்தில் ரப்பர் தூளும் இரும்புத் தூளும் உள்ளே இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், உங்கள் கண்முன். அந்தத் தூள் பம்பின் வால்வில் போய் உட்கார்ந்தால் அடுத்த பழுதை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாக ஆகிவிடும்.

மாட்டுவது

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். கேபின் சாயும் வண்டியானால் முழுசாகச் சாய்த்து லாக் விழுந்ததைக் கண்ணால் பாருங்கள். பாதிச் சாய்ப்பில் தலையை நீட்டக்கூடாது. எஞ்சின் ஆறட்டும். கழற்றும் முன் இணைப்புகளைச் சுற்றி டீசல் போட்டுக் கழுவிவிடுங்கள், மண் உள்ளே விழாமல் இருக்கும்.

கண் வளையத்தில் போல்ட் செருகும் வகை இணைப்பானால் வளையத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு செம்பு வாஷர். ஒன்றை மறந்துவிட்டு, ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கி, போல்டை அறுத்தவர்கள் உண்டு. புது வாஷர் போடுங்கள். நடுரோட்டில் புதிது கிடைக்காவிட்டால் பழைய செம்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகி, ஒரு தடவைக்கு உதவும். ரப்பர் ஓரம் வைத்த வாஷருக்கு இந்த வைத்தியம் செல்லாது.

இரண்டு முனையையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். ஹோஸ் மேல் இருக்கும் எழுத்து வரி நேராக ஓடுகிறதா பாருங்கள். பாம்பு போலச் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது. சரிசெய்த பிறகுதான் ஸ்பேனர். இறுக்கும்போதும் ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் திரும்பவும் முறுக்கிவிடும். உரசல் இருந்த இடத்தில் கிளாம்ப் போட்டு, நடுவில் பழைய டியூபை வெட்டிச் சுற்றுங்கள். சைக்கிள் டியூபுக்கு இந்த வேலையில் இருக்கும் ஒரே மரியாதையான இடம் இதுதான்.

டேங்கின் உள்ளே இருக்கும் ஃபில்டரை இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். ஆயில், டேங்க் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது. பெரும்பாலும் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஐந்து லிட்டர் கேனாக வாங்கி வையுங்கள், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்போது தேவைப்படும்.

"புது ஹோஸ் போட்டாச்சு, ஆனா கத்துது, வெட்டி வெட்டித் திரும்புது"

உள்ளே காற்று இருக்கிறது. ஹோஸ் மாட்டிய கையோடு எஞ்சினை ஸ்டார்ட் செய்து விர்ரென்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஆயிலும் காற்றும் கலந்து மோர் கடைந்தது போல நுரைத்துவிடும். நுரைத்துவிட்டால் நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், டீ குடித்துவிட்டு வரலாம்.

முறைப்படி செய்வதானால், முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். சக்கரம் தரையைத் தொடக்கூடாது. டேங்கை நிரப்பி, எஞ்சின் ஓடாமலே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுசாக ஒடியுங்கள். ஆயில் இறங்க இறங்க ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும், டேங்க் ஒரு தடவைகூடக் காலியாகக்கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஐட்லிங்கில் மட்டும் விட்டு, மெதுவாக இரண்டு பக்கமும் ஒடியுங்கள். கடைசி எல்லையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். டேங்கில் குமிழ் வருவது நிற்கும்வரை இதைச் செய்யுங்கள்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது டேங்கில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். மட்டம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறினால் பரவாயில்லை. பொங்கி மேலே வந்தால் காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டு மூன்று தடவை செய்தும் நுரை போகவில்லையென்றால் சக்ஷன் ஹோஸைப் பாருங்கள். அங்கே கிளிப் தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஒரு சொட்டுகூட ஒழுகாததால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

"போன வாரம்தான் மாத்தினோம், திரும்ப வெடிச்சிருச்சு"

மேலே சொன்ன உரசல், சூடு, மவுண்டிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஹோஸும் ஆர்2தான் என்றால் அழுத்தத்தை அளக்க வேண்டும். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கேஜும் ஒரு வால்வும் மாட்டி, எஞ்சின் ஓடும்போது வால்வை மூடிப் பார்ப்பது வழக்கம். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்கக்கூடாது. அழுத்தம் அளவு மீறாமல் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு பம்பில் நன்றாக இருந்தால் பம்பில் குறித்திருக்கும் அளவில் முள் நிற்கும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கிறது, நீங்கள் மூடிய வால்வை உடனே திறந்துவிடுங்கள். வெடிக்க வைத்தது அதுதான். கேஜ் இல்லாத பட்டறை இதை உத்தேசமாகச் செய்யக்கூடாது.

பாக்ஸில் ஒடிப்பின் எல்லையை நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைத்துவிடும் லிமிட்டர் இருக்கும். முன் ஆக்சிலில், சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் போல்டைத் தொட்டவர்கள் இதைத் திரும்ப செட் செய்யாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு யு-டர்னிலும் ஹோஸ் உச்ச அழுத்தத்தை வாங்கும்.

டிரைவர் பழக்கமும் இதில் சேரும். வண்டி நின்ற இடத்தில், லோடோடு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பதுதான் ஹோஸுக்கு விழும் பெரிய அடி. 2018 ஜூலையில் முன் ஆக்சிலுக்கு அனுமதித்த எடையை 6 டன்னிலிருந்து 7 டன்னாக உயர்த்தினார்கள். பழைய வண்டிகளிலும் அந்தக் கணக்கில் ஏற்றுபவர்கள் உண்டு. வண்டியை ஒரு அடி உருட்டிக்கொண்டே ஒடித்தால் பாரம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

"ஆயில் குறையுது, ஆனா எங்கயும் ஒழுகல"

கியரில் ஓடும் பம்பானால் எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் பம்ப் ஷாஃப்ட் சீல் போய், ஸ்டீயரிங் ஆயில் எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஹோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சீலை மாற்றி எஞ்சின் ஆயிலையும் மாற்றுங்கள்.

"எல்லா இடமும் ஈரமா இருக்கு, எங்கேன்னு தெரியல"

ஈரம் இருக்கும் இடம் கசியும் இடம் அல்ல. ஆயில் வழிந்து கீழே வரும், காற்று அதைப் பின்னால் அடிக்கும். டீசலால் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு முகப்பவுடரைத் தூவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் எங்கே நனைகிறதோ, அதிலும் எது மேலே இருக்கிறதோ, அதுதான் இடம்.

எஞ்சின் ஓடும்போது கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளையிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாது, கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். தேடுவதற்கு ஒரு அட்டையை நீட்டிப் பிடித்தால் போதும், எங்கே நனைகிறது என்று அதில் தெரியும்.

"ரிட்டர்ன் ஹோஸ் அடிக்கடி கழண்டுக்குது"

கிளிப்பை மாற்றுவதால் இது தீராது. டேங்கில் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஹோஸ் எங்கோ மடிந்திருக்கும். ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் பலவீனமான இடத்தைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது.

ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கட்டையாகவும் திரும்பினால் ஹோஸைத் தொடாதீர்கள், அது பாக்ஸ் வேலை. ஐட்லிங்கில் மட்டும் கட்டை, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால், ஆயில் மட்டம் சரியாக இருக்கும் பட்சத்தில் பம்ப் தேய்ந்திருக்கிறது.

வேலை முடிந்து வண்டியை அனுப்பும்போது டிரைவரிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புவேன். ஐம்பது கிலோமீட்டரில் வரும் முதல் டீக்கடையில் நிறுத்தி, டார்ச் அடித்து இரண்டு ஜாயிண்டையும் பார்த்துவிட்டு, டேங்க் மட்டத்தையும் பார்த்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கால் வந்த பிறகுதான் பழைய ஹோஸைக் குப்பையில் போடுவது.